புதிய கடல்மீன் தொட்டியில் தண்ணீர் திடீரென்று கெட்டுப்போனால் என்ன செய்வது? முழுமையான வழிகாட்டி

"அண்ணே, நேத்து ராத்திரி வரைக்கும் தண்ணி தெளிவா இருந்துச்சு. காலையில பார்த்தா ஒரே வெள்ளை. நீமோ மேலேயே நின்னு வாயைத் திறந்து திறந்து மூடுது. என்ன மருந்து ஊத்தணும்?"

கோலாலம்பூரில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிற நம்மவர்களிடமிருந்து இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி அடிக்கடி வரும். தொட்டி வைத்து நான்கைந்து வாரம் ஆகியிருக்கும். இரண்டு மூன்று மீன் விட்டிருப்பார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரே இரவில் தண்ணீர் கெட்டுவிடும். நான் சொல்லும் பதில் மாறுவதில்லை: எதையும் ஊற்றாதீர்கள். முதலில் காற்று, அப்புறம் அளவு, அப்புறம் தண்ணீர் மாற்றம். இந்த வரிசையை விடாமல் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான மீன்களைக் காப்பாற்றிவிடலாம். கடையில் கேட்டு வாங்கிய மூன்று பாட்டிலை ஊற்றிவிட்டு அப்புறம் அளந்து பார்த்தால், எது தண்ணீரின் கோளாறு, எது மருந்தின் கோளாறு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

முதல் பத்து நிமிடம்: காற்று

புதிய தொட்டியில் மீன் சாவதற்கு அம்மோனியா ஒரு காரணம் என்றால், மூச்சுத் திணறல் அதற்குச் சமமான இன்னொரு காரணம். நம் ஊர் வெப்பத்தில் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்துவைக்கும். 30 டிகிரிக்குப் போனால் அது 6.2 ஆகக் குறைந்துவிடும். அதே வெப்பத்தில் உப்பில்லாத தண்ணீர் இதைவிடக் கூடுதலாகவே பிடிக்கும். சூடு ஏற ஏற மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் தேவையும் ஏறுகிறது. இரவில் விளக்கு அணைந்ததும் பாசியும் பவளமும்கூட ஆக்சிஜனை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். அதனால்தான் பிரச்சினை காலையில் கண்ணில் படுகிறது.

மீன் தண்ணீர்மட்டத்தில் நின்றாலோ, செவுள் வழக்கத்தைவிட வேகமாக அடித்தாலோ, அளவெடுக்க உட்காரும் முன்பே இதைச் செய்யுங்கள். வேவ்மேக்கரின் (தண்ணீருக்குள் நீரோட்டம் உண்டாக்கும் சிறு பம்ப்) முகத்தை மேலே திருப்பி, தண்ணீர்மட்டம் நன்றாகக் குலுங்கும்படி வையுங்கள். ஏர் பம்ப் இருந்தால் ஏர் ஸ்டோனைப் போடுங்கள். கண்ணாடி மூடி இருந்தால் எடுத்துவிடுங்கள். மேசை விசிறி ஒன்றைத் தண்ணீர்மட்டத்தின் மீது வீசவிட்டால் காற்றும் கலக்கும், இரண்டு மூன்று டிகிரி சூடும் இறங்கும். தொட்டி 31, 32 டிகிரியில் இருக்கிறதே என்று ஐஸ் கட்டியை உள்ளே போட்டுவிடாதீர்கள். மூடிய போத்தலில் உறைந்த தண்ணீரை மிதக்கவிட்டு, சில மணி நேரம் எடுத்து மெதுவாக 27-க்குக் கொண்டுவாருங்கள்.

தீனியை உடனே நிறுத்துங்கள். ஆரோக்கியமான கடல்மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது.

அடுத்தது அளவு, அதுவும் வரிசையாக

கையில் டெஸ்ட் கிட் இல்லாமல் கடல்மீன் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முக்கி எடுக்கும் தாள் ஸ்ட்ரிப்பை நம்பாதீர்கள், சொட்டுவிட்டு நிறம் பார்க்கும் வகையே நல்லது. வெப்பம், உப்பளவு, அம்மோனியா, பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) ஆகிய நான்கையும் முதல் அரை மணி நேரத்துக்குள் பார்த்துவிடுங்கள். நைட்ரைட், நைட்ரேட் எல்லாம் அப்புறம்.

வெப்பம் 25 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால் சரி. கொண்டோவில் ஏர்கோன் இரவில் மட்டும் ஓடினால், பகலுக்கும் இரவுக்கும் நடுவில் நான்கைந்து டிகிரி ஏறி இறங்கும். அதுவே மீனைச் சோர்வடையச் செய்யும்.

உப்பளவு ஆயிரத்துக்கு 35. உப்பளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி (வெறும் தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.026 என்று காட்டும். விசிறி போட்டுக் குளிரவைக்கிற தொட்டியில் தண்ணீர் வேகமாக ஆவியாகும். தண்ணீர்தான் போகும், உப்பு உள்ளேயே நிற்கும். ஒரு கணக்குப் பாருங்கள். மூன்றடித் தொட்டி, 90க்கு 45க்கு 45 சென்டிமீட்டர் என்றால் மொத்தக் கொள்ளளவு 182 லிட்டர். கல்லும் மணலும் போக உண்மையில் இருப்பது 150 லிட்டர் அளவுதான். நாளுக்கு 3 லிட்டர் வீதம் மூன்று நாள் ஆவியாகி, நீங்கள் எதுவும் ஊற்றாமல் விட்டால் 35 என்பது 37-ஐத் தாண்டிவிடும். அதை நிரப்புகிறேன் என்று உப்புத் தண்ணீரையே ஊற்றினால் இன்னும் ஏறும். ஆவியான அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரை மட்டும்தான் ஊற்ற வேண்டும், அதையும் ஒரேயடியாக அல்லாமல் ஒரு நாள் முழுக்கப் பிரித்து ஊற்றுங்கள். ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யத்துக்குச் சரிசெய்வதோடு நிறுத்தாமல், 35 அளவுள்ள சரிபார்ப்புத் திரவத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35-ல் தவறாகக் காட்டுவது சகஜம்.

இனி அம்மோனியா. புதிய தொட்டியில் கேள்வியின் பாதி இங்கேதான் இருக்கிறது. தீனி, கழிவு, செத்த உயிர் எல்லாம் அழுகி அம்மோனியா ஆகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இந்தப் படை கல்லிலும் மணலிலும் குடியேற மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீன் எண்ணிக்கை கூடினாலோ, ஏதாவது ஒன்று செத்து அழுகினாலோ, இருக்கிற பாக்டீரியாவால் சமாளிக்க முடியாது.

டெஸ்ட் கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் நச்சான பகுதி எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஎச்சும் வெப்பமும். 28 டிகிரியில் பிஎச் 7.8-லிருந்து 8.2-க்கு ஏறினால் நச்சுப் பகுதி இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஆகவே அம்மோனியா இருக்கும்போது "பிஎச் குறைவாக இருக்கிறதே" என்று பிஎச்சை ஏற்றும் பஃபர் பொடி போடுவது மீனை நம் கையாலேயே கொல்வது. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது.

நிறத்தை ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் குழல் விளக்கின் கீழே பார்த்தால் பூஜ்யம்கூட லேசான பச்சையாகத் தெரியும். சந்தேகம் வந்தால் புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீரையும் பக்கத்தில் வைத்து அதே கிட்டில் சோதியுங்கள். இரண்டும் ஒரே நிறம் என்றால் குற்றம் தொட்டியில் இல்லை; கிட்டிலோ உப்பிலோ இருக்கிறது. காலாவதித் தேதியையும் பாருங்கள், நம் ஊர் ஈரப்பதத்தில் திறந்த கிட் நீண்ட நாள் தாங்காது.

நைட்ரைட் பற்றி ஒரு வார்த்தை. நல்ல தண்ணீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் நைட்ரைட்டைக் கண்டால் அலறுவார்கள். கடல்நீரில் குளோரைடு ஏராளமாக இருப்பதால் நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவது பெரிதும் தடைபடுகிறது. அதற்காகத் தொட்டியைக் கவிழ்க்க வேண்டாம். ஆனால் நைட்ரைட் கூடுதலாக இருக்கும்போது நைட்ரேட் கிட் உண்மையைவிட அதிகமாகக் காட்டும், அந்த எண்ணை அப்போது நம்பாதீர்கள்.

ஒரு கண்ணாடி டம்ளர் போதும்

தண்ணீர் கலங்கியிருந்தால், சுத்தமான கண்ணாடி டம்ளரில் பிடித்து வெள்ளைத் தாளின் முன்னால் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் அடியிலிருந்து தெளிந்துகொண்டே வந்தால் அது வெறும் நுண்குமிழி. பம்ப் எங்கோ காற்றை இழுக்கிறது, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் கழித்து அடியில் வெள்ளைப் பொடி படிந்தால் மணல் தூசு. புதிய அரகோனைட் மணலை (கடல்மீன் தொட்டிக்குப் போடும் சுண்ணாம்பு மணல்) கழுவாமல் போட்டால் இப்படித்தான். ஹீட்டரிலும் பம்பின் சுழலியிலும் வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால் அல்கலினிட்டி பொடியை (காரத்தன்மை கூட்டும் பொடி) அளவுக்கு மீறிப் போட்டிருக்கிறீர்கள், கால்சியம் திரிந்து வெளியே வந்துவிட்டது.

எவ்வளவு நேரம் வைத்தாலும் படியாமல் சோற்றுக் கஞ்சி வடித்த தண்ணீர் போலவே நின்றால் அது பாக்டீரியாப் பெருக்கம். தண்ணீரில் கரைந்த உணவு கூடிப்போனால் மிதக்கும் பாக்டீரியா திடீரென்று பெருகும். பார்க்கப் பயமாக இருந்தாலும் சில நாளில் தானாகவே அடங்கும். அதன் ஆபத்து நிறத்தில் இல்லை, அது குடிக்கும் ஆக்சிஜனில் இருக்கிறது. ஸ்கிம்மரையும் (நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி) ஏர் ஸ்டோனையும் இரவு பகலாக ஓடவிட்டு, தீனியைக் குறைத்து, பொறுமையாக இருந்தால் போதும். பாக்டீரியாவுக்கு உணவாக சர்க்கரை, வினிகர், வோட்கா என்று கரிமம் சேர்க்கும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

முகர்ந்தும் பாருங்கள். அழுகின முட்டை வாடை வந்தால் ஆழமான மணலைக் கிளறியிருக்கிறீர்கள், ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியேறியிருக்கிறது. மேலும் கிளறாமல், உடனே பெரிய அளவில் தண்ணீர் மாற்றி, புதிய ஆக்டிவேட்டட் கார்பன் (நச்சை உறிஞ்சும் கரி) போடுங்கள். மீன் அழுகின வாடை வந்தால் கல்லுக்குப் பின்னால் தேடுங்கள்.

மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புத் தூள் படர்ந்திருப்பது டயட்டம் என்ற நுண்பாசி. புதிய தொட்டிக்கு அது வழக்கமானதுதான், அவசரம் இல்லை.

கடந்த இரண்டு நாளில் வீட்டில் என்ன மாறியது?

அளவு "என்ன" என்று சொல்லும். "ஏன்" என்பதை வீட்டில்தான் தேட வேண்டும். கோலாலம்பூர் வீடுகளில் இந்தக் காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

*தண்ணீர்த் தடை.* கிள்ளான் பள்ளத்தாக்கில் இது புதிதல்ல. 2020 செப்டம்பரில் ஆற்றில் மாசு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். விநியோகம் திரும்பி வரும்போது முதலில் வருவது குழாயில் படிந்திருந்த துருவும் சேறும். பிளாட் வீடுகளில் கூரைத் தொட்டியின் அடிவண்டலும் சேர்ந்து வரும். தண்ணீர் திரும்பிய ஓரிரு நாள் குழாய்த் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். சாதாரண நாளிலும் குளோரின் நீக்கியைப் போடாமல் குழாய்த் தண்ணீர் போகவே கூடாது. சொந்தமாக ஆர்ஓ (தண்ணீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டி) இல்லாதவர்கள் தாமான் கடைத்தெருக்களில் இருக்கும் தண்ணீர் இயந்திரத்தில் பிடிக்கிறார்கள். தொட்டிக்கு எடுக்கும் முன், கொஞ்சம் பிடித்து, கரைந்திருக்கும் பொருட்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை அதில் முக்கிப் பாருங்கள். பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால் எடுக்கலாம். சில இயந்திரங்களில் வடிகட்டி மாற்றி நாளாகியிருக்கும், சிலவற்றில் குடிப்பதற்காகத் தாது சேர்ந்திருக்கும்.

*கொசுப் புகை.* டிங்கிக் காய்ச்சல் பரவும் வட்டாரங்களில் அடிக்கும் புகையில் பூச்சிமருந்து இருக்கிறது. பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதனுக்குச் சிறிய தொல்லை. மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம். வீட்டுக்குள் அடிக்கும் கொசு ஸ்ப்ரேயும் அப்படியே. ஏர் பம்பும் ஸ்கிம்மரும் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீரில் கலப்பவை. புகை அடிக்கப் போகிறார்கள் என்று அறிவித்தால் ஜன்னலை மூடி, ஏர் பம்பையும் ஸ்கிம்மரையும் நிறுத்தி, தொட்டியின் மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்துங்கள். தண்ணீருக்குள் சுழலும் வேவ்மேக்கர் ஓடட்டும். புகை அடங்கி, அறைக்கு நன்றாகக் காற்றோட்டம் கொடுத்த பிறகே தாளை எடுங்கள். எடுத்ததும் புதிய கார்பன் போடுங்கள். இறால் முதலில் துடித்துச் சாய்கிறது, அப்புறம் மீன், ஆனால் அம்மோனியா பூஜ்யம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சாமி அறை பக்கத்தில் இருந்தால் சாம்பிராணிப் புகை ஏர் பம்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.

*மூடிய ஏர்கோன் அறை.* நான்கைந்து பேர் கதவை அடைத்துத் தூங்கும் அறையில் கரியமில வாயு சேரும், தண்ணீர் அதை வாங்கிக்கொள்ளும், பிஎச் 7.8-க்கும் கீழே இறங்கும். சோதிப்பது சுலபம். ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை பால்கனிக்கு எடுத்துப்போய் ஒரு மணி நேரம் ஏர் ஸ்டோன் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். பிஎச் ஏறினால் காரணம் அறைக் காற்று. ஜன்னலைத் திறப்பதுதான் மருந்து, பொடி அல்ல.

*வேறொருவர் தீனி போட்டது.* தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அக்கா மகனிடமோ பக்கத்து வீட்டு அம்மாவிடமோ மீனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவோம். பாசத்தில் அவர்கள் கொட்டிவிடுவார்கள். நாள்வாரியாக அளந்து பொட்டலம் கட்டி வைத்துவிட்டு, டப்பாவை அலமாரியில் பூட்டிவிட்டுப் போங்கள்.

*உள்ளே செத்த ஒன்று.* காலையில் நத்தைகளை எண்ணிப் பாருங்கள். கவிழ்ந்து கிடக்கும் நத்தையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனால் உடனே தெரிந்துவிடும், உயிரோடு இருப்பதற்கு வாடை இருக்காது. புதிதாக வாங்கிய லைவ் ராக்கில் (உயிர்கள் ஒட்டியிருக்கும் கடல்கல்) பிழைக்காத பஞ்சுயிரிகள் அழுகினாலும் அம்மோனியா ஏறும். வேவ்மேக்கரின் காந்தத்தையும் ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். உறை வெடித்துத் துரு கசிந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தண்ணீர் மாற்றுவது எப்படி

அம்மோனியா 0.5 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) தாண்டினால் மாற்றியே ஆக வேண்டும். எவ்வளவு என்பதில்தான் பலரும் கை நடுங்குகிறார்கள். பத்து சதவீதம் மாற்றினால் 2 பிபிஎம் என்பது 1.8 ஆகும், அதனால் மீனுக்கு ஒரு பயனும் இல்லை. பாதி மாற்றினால் 1. மறுநாள் மறுபடி பாதி மாற்றினால் 0.5, இடையில் புதிதாக ஊறுவது தனி. பெரிய மாற்றம் பாக்டீரியாவைக் கொன்றுவிடும் என்று பயப்படாதீர்கள். நமக்கு வேண்டிய பாக்டீரியா கல்லிலும் மணலிலும் ஒட்டியிருக்கிறது, தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு.

நான் சொன்ன மூன்றடித் தொட்டிக்குப் பாதி என்றால் 75 லிட்டர். உப்புக் கலவை லிட்டருக்கு ஏறக்குறைய 37 கிராம் வீதம் 2.8 கிலோ வரும், பொட்டலத்தில் எழுதியிருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சமையல் உப்பு உதவாது. மூடியுள்ள புதிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீரை முதலில் நிரப்பி, பம்ப் ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். ஒரு நாள் சுழலவிடுவது உத்தமம். ஆபத்து நேரத்தில் முழுக்கக் கரைந்து, தெளிந்து, உப்பளவும் வெப்பமும் தொட்டியோடு ஒத்துப்போனால் சில மணி நேரத்திலேயே பயன்படுத்தலாம். எப்போதும் ஒரு டிரம் கலந்த தண்ணீர் கையிருப்பில் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தவிப்பே கிடையாது.

கடற்கரையில் போய் மொண்டு வரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போர்ட் கிள்ளான் பக்கம் ஆற்றுச் சேறும் கப்பல் போக்குவரத்தும் கலந்த தண்ணீர், உப்பும் குறைவு. வேண்டவே வேண்டாம்.

உடனே தண்ணீர் தயாராக இல்லையென்றால் அம்மோனியாவைக் கட்டும் கண்டிஷனர் ஒரு இடைக்கால உதவி. பாட்டிலில் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள், அது ஆக்சிஜனையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். போட்ட பிறகு ஸ்கிம்மர் பொங்கி வழியும் என்பதால் கிண்ணத்தைக் கவனியுங்கள். பாட்டில் பாக்டீரியாவும் இந்த நேரத்தில் சேர்க்கலாம். ஆனால் கடல்நீருக்கென்று எழுதியதாக, கடையில் குளிர்ச்சியான இடத்தில் இருந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

இந்த நாட்களில் ஃபில்டர் பஞ்சையும் செராமிக் வளையங்களையும் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். இருக்கிற கொஞ்ச பாக்டீரியாவும் குளோரினில் செத்துவிடும். ஆன்டிபயாடிக், செப்பு மருந்து எதுவும் பெரிய தொட்டிக்குள் போகக் கூடாது. செப்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும், கல்லிலும் மணலிலும் ஊறி நின்றுவிடும்.

எல்லா அளவும் சரி, மீன் மட்டும் திணறுகிறது என்றால்

அம்மோனியா பூஜ்யம், உப்பு 35, காற்றும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் மீன் வேகமாக மூச்சு வாங்குகிறது, வேவ்மேக்கரின் நீரோட்டத்திலேயே போய் நிற்கிறது, வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குகிறது என்றால் ஒட்டுண்ணியால் வரும் வெல்வெட் நோயைச் சந்தேகியுங்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் உடம்பில் மெல்லிய பொன்னிறத் தூசு தெரியும். உப்பைத் தூவினாற்போல் தனித்தனி வெள்ளைப் புள்ளி என்றால் அது இக் என்ற வெள்ளைப்புள்ளி நோய். வெல்வெட் ஓரிரு நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். தண்ணீரை எவ்வளவு மாற்றினாலும் தீராது. மீன்கள் அனைத்தையும் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கேதான் செப்பு வைத்தியம் செய்ய வேண்டும். பெரிய தொட்டியை ஆறு வாரமாவது மீன் இல்லாமல் விட வேண்டும்.

அடுத்த இரண்டு வாரம்

முதல் வாரம் தினமும் ஒரே நேரத்தில் அம்மோனியா பாருங்கள், தீனி போடுவதற்கு முன்னால் பார்ப்பது நல்லது. வெப்பம், உப்பு, பிஎச்சோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டில் நடந்ததையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்: தண்ணீர் நின்றது, புகை அடித்தார்கள், புதிய கல் வைத்தேன். தீனியை மூன்றாம் நாளிலிருந்து கிள்ளிக் கிள்ளிப் போடலாம், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். மின்சாரம் போனால் ஓடுகிற மாதிரி ஒரு யுஎஸ்பி ஏர் பம்பும், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்கும் தொட்டிக்கு அடியிலேயே இருக்கட்டும்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து இரண்டு வாரம் பூஜ்யத்தில் நின்ற பிறகு அடுத்த மீனை வாங்கலாம். அதுவும் ஒன்றே ஒன்று. அதன்பின் இன்னும் இரண்டு வாரம் அளந்துவிட்டு மறுபடி கடைக்குப் போங்கள்.